இடைக்கால ஃபேன்டஸி நாவலை முழுசா ரசிச்சு வாசிக்கிறது எப்படி?

கொட்டகலை வாசகி

வணக்கம். எங்க வாசிப்பு வட்டத்துக்கு அடுத்த புத்தகமா, இடைக்கால ஐரோப்பா மாதிரியான ஒரு உலகத்துல நடக்கிற ஃபேன்டஸி நாவலைத் தெரிவு செஞ்சிருக்கோம். நாலு இராச்சியம், நீண்ட முற்றுகை ஒண்ணு, மந்திரம் தெரிஞ்ச ஒரு குலம், முன்பக்கத்துல மடிச்சு வச்ச வரைபடம், கடைசியில பெயர்ப்பட்டியல். முதல் பாகமே 800 பக்கம்.

வட்டத்துல ஓ.எல். எழுதின பிள்ளைகளும் இருக்காங்க, ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இருக்காங்க. சமூக நாவல், மலையகச் சிறுகதை எல்லாம் ஆழமா வாசிச்சவங்க. இந்த வகையில மட்டும் நூறு பக்கத்துக்குள்ளயே பலர் நின்னுடுறாங்க. பெயர் குழம்புது, போர் அத்தியாயம் வந்தா யார் எங்க நிக்கிறாங்கன்னு வெளங்கல, வரைபடத்தை யாரும் திருப்பிப் பாக்கிறதே இல்ல.

இந்த வகை தெரிஞ்சவங்க சொல்லுங்க. வரைபடத்தை எப்படிப் பயன்படுத்துறது? போரை எப்படிப் பின்தொடர்றது? எழுதினவருக்கு அந்தக் காலம் உண்மையிலேயே தெரியுமான்னு எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது? பொதுவா "நல்லா ரசிங்க"ன்னு இல்லாம, கூட்டத்துல உட்கார்ந்து செய்யக்கூடிய மாதிரி சொன்னா பெரிய உதவி.

ஊவாக்காற்று

வரைபடத்துல இருந்தே தொடங்குங்க, தங்கச்சி. அதைப் படமா பாக்காம தூரமா பாக்கணும்.

அளவுகோல் போட்டிருந்தா நல்லது. போடாட்டி, கதையில வர்ற முதல் பயணத்தை வச்சு நீங்களே போட்டுக்கலாம். ஒரே குதிரையில பல நாள் தொடர்ந்து போறவர் நாளுக்கு 40, 50 கிலோமீற்றர் போவார். நல்ல நடைக்காரர் 25, 30. பொதிவண்டியோட நகர்ற பெரிய படைக்கு 15, 20தான். வழியில குதிரை மாத்துற தூதுவன் மட்டும் 100ஐத் தாண்டலாம். "மூணு நாள் குதிரையில போய்ச் சேர்ந்தார்கள்"னு வந்தா அது சுமார் 130 கிலோமீற்றர். அந்த நீளத்துக்கு ஒரு கடதாசிக் கீற்று வெட்டி வச்சுக்கிட்டா, மற்ற எல்லாத் தூரத்தையும் அளக்கலாம். நல்ல எழுத்தாளர் இதுல பிடிபடவே மாட்டார். தெற்கு எல்லையில நடந்த படுகொலைச் செய்தி வடக்குத் தலைநகருக்கு வர 9 நாள் ஆகும்னு அவருக்குத் தெரியும்; அந்த 9 நாள் அறியாமையை வச்சே ஒரு சதியைக் கட்டுவார். அந்த இடத்துல வாசகர் தேதியைக் குறிச்சு வச்சிருந்தா, அரசவைக் காட்சியில மூச்சே நின்னுபோகும். யாருக்கும் தெரியாத ஒண்ணு நமக்கு மட்டும் தெரியும்.

குதிரையைக் கவனிங்க. வேலை செய்யிற குதிரைக்கு நாளுக்கு சுமார் 10 கிலோ புல்லும் தானியமும், 30 முதல் 40 லீற்றர் தண்ணியும் வேணும். முழுப் பாய்ச்சல்ல சில கிலோமீற்றர்தான் ஓடும். இரவு முழுக்கப் பாய்ஞ்சோடின குதிரை விடியக்காலையில போருக்கும் தயாரா நின்னா, எழுதினவர் குதிரையை எந்திரம்னு நினைச்சுட்டார். தண்ணி காட்டுறது, லாடம் கழல்றது, முதுகுப் புண் இதெல்லாம் வந்தா நம்பி வாசிக்கலாம்.

மலைக்கு வேற கணக்கு. ஸ்கொட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892ல சொன்ன விதி இன்னும் பயன்படுது: 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், அதோட 600 மீற்றர் ஏற்றத்துக்கு இன்னொரு மணித்தியாலம். நல்லதண்ணியில இருந்து சிவனொளிபாதமலைக்குப் போட்டுப் பாருங்க. பாதை சுமார் 7 கிலோமீற்றர், ஏற்றம் சுமார் 1,000 மீற்றர். முதல் பகுதிக்கு ஒண்ணரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைய, ஏற்றத்துக்கு ஒரு மணி நாப்பது நிமிஷம், மொத்தம் மூணு மணித்தியாலம். நம்ம ஆட்கள் ஏறுற நேரத்தோட ஒத்துப்போகுது. பிள்ளைகளுக்கு முதல்ல இதைப் போட்டுக் காட்டிட்டு, அப்புறம் நாவல்ல வர்ற கணவாய்க்கு அதே விதியைப் போடச் சொல்லுங்க. கவசம், கூடாரம், பொதியோட போற படைக்கு இரண்டு மடங்கு வைக்கணும். பனியில மூணு மடங்குகூட ஆகலாம்.

அடுத்தது ஆறும் மழையும். ஆறுகள் கீழே இறங்க இறங்க ஒண்ணு சேரும், பிரியாது. பிரியிறது கடலை ஒட்டின கழிமுகத்துல. மலையில பிறந்த ஒரே ஆறு நடுவழியில ரெண்டாப் பிரிஞ்சு ரெண்டு கடலுக்குப் போற மாதிரி வரைஞ்சிருந்தா, அதுக்குக் கதைக்குள்ள ஒரு காரணம் இருக்கணும். மழைக்காற்று ஒரு பக்கம் இருந்து வந்தா மலையோட அந்தப் பக்கம் நனையும், மறுபக்கம் காயும். இதை நமக்கு யாரும் படிச்சுக் குடுக்கத் தேவையில்ல. தென்மேற்குப் பருவத்துல மஸ்கெலியா, ஹட்டன் ஊறிக் கிடக்கும்போது பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் காய்ஞ்ச காத்து அடிக்கும். நாவல்ல மலைக்கு இந்தப் பக்கத்து நாட்டான் கம்பளி, வெண்ணெய், மரவீடுன்னும் அந்தப் பக்கத்தான் ஆடு, கிணறு, மண்வீடுன்னும் இருந்தா, அந்த ஆசிரியர் மேகத்தையும் யோசிச்சிருக்கார். ரெண்டு நாட்டுக்கும் ஏன் தண்ணிச் சண்டைங்கிறது அங்கேயே வெளங்கிடும்.

பழைய சுவடி

போர் அத்தியாயங்களுக்கு நம் கையிலேயே ஒரு நல்ல கருவி இருக்கிறது. பாடசாலையில் படித்த புறத்திணையைத்தான் சொல்கிறேன். புறப்பொருள் வெண்பாமாலையின் வரிசையில் ஆநிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை, மண் கொள்ளப் படையெடுப்பது வஞ்சி, எதிர்த்துத் தடுப்பது காஞ்சி, மதில் காப்பது நொச்சி, மதிலை வளைப்பது உழிஞை, களத்தில் நேருக்கு நேர் பொருவது தும்பை, வெற்றி வாகை. ஒவ்வொரு போர் அத்தியாயத்தின் ஓரத்திலும் பென்சிலால் திணைப் பெயரை எழுதச் சொல்லுங்கள். யார் எங்கே நிற்கிறார்கள் என்ற குழப்பம் பாதி அதிலேயே தீரும். வலுவில்லாத நாவல்கள் ஓடோடித் தும்பைக்கு வந்துவிடும். தேர்ந்த நாவல், எல்லையில் நாற்பது மாடு களவுபோன வெட்சியில் தொடங்கி, அது ஏன் நாட்டை எரிக்கும் வஞ்சியாக வளர்ந்தது என்பதைப் படிப்படியாகக் காட்டும். அந்த வளர்ச்சிதான் படிக்கச் சுவை.

அடுத்து வயிற்றுக் கணக்கு. ஒரு போர்வீரனுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிலோ தானியம் என்று வையுங்கள். 5,000 பேருக்கு நாளைக்கு 5 தொன். பொதிக்குதிரை சுமப்பது சுமார் 100 கிலோ என்றால், ஒரு நாள் உணவுக்கே 50 குதிரை. பத்து நாளுக்கு 500 குதிரை, அவையும் தின்னும். குதிரை ஏறாத மலைப்பாதையில் ஆள் சுமக்க வேண்டும். 25 கிலோ சுமப்பவர் வழியில் நாளுக்கு 1 கிலோ தானே உண்பார். போக 10 நாள், வர 10 நாள் என்றால் 20 கிலோ அவருக்கே போய்விடும். படைக்குச் சேர்வது 5 கிலோ. படைகள் ஆற்றை ஒட்டி ஏன் நடந்தன, அறுவடைக்குப் பிறகு ஏன் புறப்பட்டன, வழியிலுள்ள கிராமங்களை ஏன் சூறையாடின என்பதற்கெல்லாம் விடை இதற்குள் இருக்கிறது. இடைக்கால ஐரோப்பாவில் கோதுமை விதைத்ததற்கு நான்கு மடங்கு விளைந்தாலே சாதாரண விளைச்சல். அதில் ஒரு பங்கு அடுத்த ஆண்டு விதைக்கு. ஆகவே விதைக் களஞ்சியத்துக்குத் தீ வைக்கும் பாத்திரம் அடுத்த ஆண்டின் உணவையும் சேர்த்துத்தான் எரிக்கிறது. ஆசிரியர் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்தாலும் நீங்கள் அங்கே நின்று பாருங்கள்.

முற்றுகையில் பொறுமை வேண்டும், ஏனென்றால் மதிலை உடைப்பதைவிடக் காத்திருப்பதே அதிகம். இங்கிலாந்தின் ரொச்செஸ்டர் கோட்டையை 1215இல் ஜோன் மன்னர் வளைத்தபோது, மூலைக் கோபுரத்தின் அடியில் சுரங்கம் தோண்டி மரத்தூண்களால் தாங்கி, அந்தத் தூண்களை எரிக்க 40 பன்றிகளின் கொழுப்பைப் பயன்படுத்தினார்கள். கோபுரம் சரிந்தது. அப்படியும் உள்ளே இருந்தவர்கள் குறுக்குச் சுவருக்குப் பின்னால் போய் நின்று தொடர்ந்து எதிர்த்தார்கள். கடைசியில் அவர்களைப் பணிய வைத்தது பசி. பின்னர் திருத்திக் கட்டியபோது அந்த மூலையை மட்டும் வட்டமாகக் கட்டினார்கள். மற்ற மூலைகள் சதுரமாகவே நிற்கின்றன. ஆள்தொகையையும் கவனியுங்கள். வேல்ஸின் ஹார்லெக் கோட்டைக்கு வழக்கமாக வைத்திருந்த காவல் 36 பேர். "பத்தாயிரம் வீரர் காத்த கோட்டை" என்று வந்தால், அத்தனை பேருக்கும் கிணறு எங்கே என்று கேளுங்கள்.

ஆயுதங்களைப் பற்றிச் சில எண்கள் போதும். ஒரு கை வாள் 1.1 முதல் 1.5 கிலோ வரை. தலை முதல் கால் வரையான தகட்டுக் கவசம் 20 முதல் 25 கிலோ. உடல் முழுதும் பரவியிருப்பதால் அணிந்தவர் தானாகவே எழுந்து குதிரை ஏறலாம். ஆங்கிலேய வில்லாளிக்கு ஒரு கட்டு அம்பு 24. நிமிடத்துக்கு ஆறு விட்டால் நான்கு நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆகவே அம்பு சுமந்து வரும் பையனைக் காட்டும் நாவல் போரை அறிந்த நாவல்.

"தலைநகரைப் பிடித்தார்கள், போர் முடிந்தது" என்று வந்தால் நம் வரலாற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கண்டி அரசர்கள் நகரைக் காலிசெய்துவிட்டுக் காட்டுக்குள் போவதையே ஒரு போர்முறையாக வைத்திருந்தார்கள். 1638இல் போர்த்துக்கேயர் வெறும் நகரைக் கொளுத்திவிட்டுத் திரும்பும் வழியில் கன்னொருவையில் சூழப்பட்டு அழிந்தார்கள். 1630இல் பதுளையை எரித்துத் திரும்பிய படை ரந்தெனிவெலவில் மழையில் சிக்கியது. கூட வந்த உள்ளூர்ப் படைவீரரான லஸ்கரின்கள் மறுபக்கம் மாறினார்கள். தளபதி கொன்ஸ்தந்தீனு த சா அங்கேயே மாண்டார். 1803இல் பிரித்தானியர் கண்டிக்குள் எளிதாக நுழைந்தார்கள். காய்ச்சலும் உணவுத் தட்டுப்பாடும் அந்தக் காவற்படையைச் சில மாதங்களில் சரணடைய வைத்தன. மழை, காய்ச்சல், விசுவாசம் மாறும் கூலிப்படை ஆகிய மூன்றும் இல்லாத மலைப்போர் காகிதப் போர்தான்.

மஸ்கெலியா மழை

பெயர் விசயத்துக்கு நான் சொல்றேன், அக்கா.

பின்பக்கப் பெயர்ப்பட்டியலை முதல்ல வாசிக்க வேணாம். சில புத்தகத்துல "இன்னாரின் இரண்டாவது மனைவி"ன்னு போட்டு, முதல் மனைவி சாகப்போறதை அங்கேயே சொல்லிடுறாங்க. இணையத்துல பெயரைத் தேடுறது அதைவிட மோசம், முதல் வரியிலயே முடிவு தெரிஞ்சிடும். அதுக்குப் பதிலா ஒரு பயிற்சிக் கொப்பியில இராச்சியத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்க. ஒருத்தர் ரெண்டாந்தடவை வரும்போது மட்டும் எழுதுங்க. ஒரே ஒரு தடவை வந்து போறவங்களை எழுதிக்கிட்டிருந்தா கொப்பி நிறையும், ஞாபகம் நிறையாது. பெயருக்குப் பக்கத்துல அவங்களுக்கு என்ன வேணும்னு ரெண்டு சொல்லு: "மகனைத் தேடுறார்", "கடன் அடைக்கணும்". வம்சம், பட்டம் எல்லாத்தையும்விட அதுதான் ஆளை நிக்க வைக்கும்.

பெயரோட ஓசையும் உதவும். கவனமா எழுதுறவங்க ஒரு நாட்டுப் பெயர்களை ஒரே மாதிரி முடிப்பாங்க. எல்லைக் கிராமத்துல ரெண்டு நாட்டு ஓசையும் கலந்த பெயர் ஒண்ணு வந்தா, அந்த ஆளோட தாய் எந்தப் பக்கம்னு யோசிங்க. பெரும்பாலும் அது பின்னால கதையில வேலை செய்யும்.

800 பக்கத்தை நாளைக்கு 30 பக்கமா வாசிச்சா 27 நாள். மாசம் ஒரு கூட்டம்னு வைக்காம, வாரம் ஒண்ணா நாலு கூட்டமா வைங்க. சம பக்கமா வெட்ட வேணாம். முதல் கூட்டத்துக்கு 150 பக்கம் போதும், ஏன்னா உலகத்தைப் பழகுறது அங்கதான். கடைசிக் கூட்டத்துக்கு 250ன்னு வச்சாலும் அதுபாட்டுல ஓடும்.

இன்னொண்ணு நிலா. போயா பார்த்து வளர்ந்த நமக்கு இது லேசு. பௌர்ணமியில இருந்து பௌர்ணமிக்கு 29 அரை நாள். முழுநிலா சூரியன் மறையிற நேரம் கிழக்குல எழும்பும், அப்புறம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிஷம் பிந்தும். வளர்பிறைக் கீற்று பொழுது சாய மேற்குல தெரிஞ்சு சீக்கிரமே இறங்கிடும். நடு இராத்திரியில மெல்லிய பிறை உச்சிக்கு வந்தா அது பிழை. நல்ல எழுத்தாளர்கள் ஒரு தப்பியோடலை அமாவாசைக்கு வச்சு, ரெண்டு வாரம் முந்தியே "தேய்பிறை தொடங்கிட்டது"ன்னு வேற யாரோ பேசுற பேச்சுல போட்டு வைப்பாங்க. தேதி எழுதுற கொப்பியிலயே நிலாவையும் வரைங்க.

கொட்டகலை வாசகி

எல்லாருக்கும் நன்றி. திணை எழுதுற யோசனை கேட்டதுமே எங்க ஆசிரியர்கள் ரெண்டு பேர் உற்சாகமாயிட்டாங்க. ரெண்டு விசயம் பாக்கி இருக்கு. மாயத்தைப் பத்தி யாரும் சொல்லல. "எல்லாத்தையும் கணக்குப் பார்த்தா கதை செத்துடாதா"ன்னும் ஒரு பிள்ளை கேக்குது. இன்னொருத்தர் இதே மாதிரி ஒரு இராச்சியத்தை நம்ம மலையில வச்சு எழுதிப் பாக்கணும்னு சொல்றார். சுவடி சேர், அதுக்கு என்ன தேவைன்னு சொல்வீங்களா?

தெமோதரை வளைவு

அந்தப் பிள்ளை கேட்டது சரியான கேள்வி. எனக்கு மேல சொன்னதுல ஒரு விசயத்துல மட்டும் மாற்றுக் கருத்து இருக்கு. கணக்கு முதல் வாசிப்புல கூடாது. முதல்ல அந்த அத்தியாயத்தை ஒரே மூச்சுல, பென்சில் இல்லாம வாசிக்கணும். பயம் வரணும், பனி குளிரணும். கணக்கு கூட்டத்துக்கு முந்தின நாள். ஆறும் நிலாவும் பிழைச்சிருந்தும் மனசைப் பிடிச்சு வைக்கிற நாவல் உண்டு; எல்லாம் சரியா இருந்தும் உயிரில்லாத நாவலும் உண்டு. முதல் வகையை நான் எப்பவும் தெரிவு செய்வேன். ஆனா ரெண்டும் சேர்ந்த புத்தகம் கிடைச்சா அதுக்கு ஈடில்லை, அதனாலதான் தேடுறோம்.

புத்தகத்தைத் தெரிவு செய்ய மூணு இடத்தைத் திறந்து பாருங்க: ஒரு சாப்பாட்டுக் காட்சி, சண்டையே இல்லாத ஒரு பயணம், பிரபு ஒருத்தர் வேலைக்காரரோட பேசுற இடம்.

சாப்பாட்டுல, பாதையோரம் அரை மணித்தியாலத்துல இறைச்சிக் குழம்பு கொதிச்சு இறங்குதுன்னா சந்தேகப்படுங்க. அதுக்கு மணிக்கணக்கா விறகும் சட்டியும் வேணும். வழிப்போக்கன் காய்ஞ்ச ரொட்டி, பாலாடைக்கட்டி, உப்புக்கண்டம் தின்பான். சண்டையில்லாத பயணத்துல எழுத்தாளருக்கு மறைஞ்சுக்க இடமில்ல. மழை, செருப்பு, கூட வர்றவனோட எரிச்சல் இவ்வளவுதான் இருக்கும். அந்தப் பக்கங்கள் நகர்ந்தா மொழி நல்ல மொழி. பிரபுவும் வேலைக்காரரும் பேசும்போது, வேலைக்காரர் எதைச் சொல்லாம விடுறார்னு கேட்க முடியணும். ரெண்டு பேரும் இந்தக் காலத்து நண்பர்கள் மாதிரி சமமா பேசினா, உடைதான் இடைக்காலம்.

உலகத்தை விளக்குற விதத்தையும் பாருங்க. ஆயிரம் வருச வரலாற்றை முதல் அத்தியாயத்துல ஒரு கிழவர் உட்கார்ந்து சொல்றது சோம்பல். ஓடக்காரன் கூலியா வாங்கின வெள்ளிக்காசோட ஓரத்தைத் தடவிப் பார்த்துட்டு "பழைய மன்னர் காசு இருந்தா குடுங்க"ன்னு சொன்னா, அந்த ஒரு வரியில எவ்வளவு இருக்கு! ஓரத்தைச் சுரண்டித் திருடுறாங்க, புதுக்காசுல செம்பு கலந்திருக்கு, அரண்மனை கஜானா காலி, போர் வரப்போகுது. இப்படிப்பட்ட வரிகளைக் கூட்டத்துல ஆளுக்கு ஒண்ணாக் கொண்டுவரச் சொல்லுங்க.

இனி மாயம். மூணு கேள்வி: யாரால முடியும், என்ன விலை, எது முடியாது. விலை முன்னாடியே காட்டப்பட்டிருக்கணும். உதாரணத்துக்கு, காற்றை அழைக்கிறவள் ஒவ்வொரு தடவையும் ஒரு ஞாபகத்தை இழக்கிறாள்னு வைங்க. 60ஆம் பக்கத்துல அவள் சின்னதா ஒரு தீயை அணைச்சுட்டுத் தன் ஊர்க் கிணத்துப் பெயரை மறந்திருக்கணும். அப்பதான் 700ஆம் பக்கத்துல கப்பற்படையைத் திருப்ப அவள் கையைத் தூக்கும்போது, பிள்ளையோட முகத்தை மறந்துடுவாளோன்னு நாம பதறுவோம். அதே காரியத்தை விலை தெரியாம 700ஆம் பக்கத்துல திடீர்னு செஞ்சா படை திரும்பும், நமக்கு ஒண்ணும் ஆகாது. "முடியாது"ங்கிறதும் அதே அளவு முக்கியம். செத்தவனை எழுப்ப முடியாதுன்னு ஒரு உலகம் சொல்லிட்டு, பிடிச்ச பாத்திரத்துக்காக மட்டும் விதியை மாத்தினா, அதுக்கு முந்தி நடந்த எல்லாச் சாவும் மலிஞ்சுபோகும்.

எல்லா மாயத்துக்கும் விதி வேணும்னும் இல்ல. காட்டுத் தெய்வம், பழைய சாபம், பெயர் சொல்லக்கூடாத குளம் மாதிரி விளங்காமலே இருக்க வேண்டியதும் உண்டு. அப்படிப்பட்டது பயத்தைக் கொண்டுவரலாம், சிக்கலை அவிழ்க்கக் கூடாது. அவிழ்க்கிற மாயத்துக்குத்தான் விதி தேவை. இந்தப் பிரிவை மனசுல வச்சு வாசிச்சா, எங்க ஏமாத்துறாங்கன்னு உடனே பிடிபடும்.

பழைய சுவடி

எழுத விரும்பும் நண்பருக்கு: முதலில் கண்ணுக்குத் தெரியும் மலையை அழிக்க வேண்டும். தேயிலைப் பயிர்ச்செய்கை லூல்கந்துரவில் 1867இல் தொடங்கியது. அதற்கு முந்திய கோப்பித் தோட்டமும் பிரித்தானியர் காலத்தது. யூக்கலிப்டஸ் 19ஆம் நூற்றாண்டில் வந்த மரம். நுவரெலியா உருளைக்கிழங்கும் அப்படியே. மிளகாய், தக்காளி, சோளன், மரவள்ளி எல்லாம் அமெரிக்காக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. 1492க்கு முந்திய சாயல் வேண்டுமென்றால் இவை எதுவும் அடுக்களையில் இருக்கக் கூடாது. காரத்துக்கு மிளகு. தானியத்துக்குக் குரக்கன், சாமை, பள்ளத்தாக்கில் நெல். பலா, கித்துள் பாணி, காட்டுத் தேன். மேலே அடர்காடும் புல்வெளியும், மரையும் சிறுத்தையும். ஹோர்ட்டன் சமவெளியில் ஏறக்குறைய 12 ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கும் குறிஞ்சி இனச் செடிகள் இருக்கின்றன. ஆண்டுக் கணக்குக்கு இதைவிட அழகான நாட்காட்டியை ஒரு கற்பனை இராச்சியம் எங்கே போய்த் தேடும்?

ஆட்சிமுறைக்குக் கண்டி இராச்சியமே களஞ்சியம். 1660இல் பிடிபட்டு 1679இல் தப்பிய ரொபர்ட் நொக்ஸ் எழுதி வைத்தவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, மலைப்பாதைகளில் முள்ளால் ஆன வாயில்களும் காவலரும். இரண்டு, பயணிகள் காட்ட வேண்டிய களிமண் முத்திரை. போர்வீரனுக்கு ஒரு உருவம், சுமை தூக்குபவனுக்கு வேறு உருவம். எழுத்தறியாத காவலனும் பார்த்தவுடன் ஆளை அறிந்துகொள்வான். மழையில் கரையக்கூடிய ஒரு கடவுச்சீட்டை வைத்து எத்தனை அத்தியாயம் எழுதலாம் என்று யோசியுங்கள்.

உப்பும் அப்படித்தான். மலையில் உப்பு விளையாது. கரையோரம் எவர் கையில் இருக்கிறதோ அவர் கையில் மலைநாட்டின் கழுத்து. 1766 உடன்படிக்கையோடு கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமானபின் கண்டி அனுபவித்த நெருக்கடி அதுதான். பொன்னுக்கும் மணிமுடிக்கும் நடக்கும் போரைவிட உப்புக்கு நடக்கும் போர் நம் வாசகருக்கு நெருக்கமாக இருக்கும்.

அரசவைச் சதிக்கு 1739 முதல் 1815 வரையான நாயக்கர் காலம் இருக்கிறது. கடல் கடந்து வந்த அரச குடும்பம், நிலமும் ஆளும் கையில் வைத்திருக்கும் உள்ளூர்ப் பிரதானிகள், நிலத்துக்கு ஈடாகச் செய்யும் இராஜகாரியம். கூலிப்படைக்கும் வெளியே போக வேண்டாம். பொலன்னறுவையிலுள்ள 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டில் வேலைக்காரப் படையினர் தந்ததாதுக் கோயிலைக் காப்பதாக உறுதி சொல்லியிருக்கிறார்கள். ஆணையிட்ட படை, அந்த ஆணையை மீற நேரும் நாள்: முழு நாவலுக்கும் அது போதும்.

வரலாற்றை அப்படியே எடுத்துப் பெயரை மாற்றி வைக்க வேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள். களிமண் முத்திரை, உப்பு, காலியான நகரம் ஆகியவற்றின் காரணத்தை எடுங்கள், சம்பவத்தை விடுங்கள். உண்மையில் நடந்த இழப்பைக் கதைக்காகத் திருப்பி எழுதும்போது அந்த மக்களின் பேரர்கள் இன்னும் இங்கே வாழ்கிறார்கள்.

ஊவாக்காற்று

தெமோதரை சொன்னதை ஏத்துக்கிறேன், அளக்கிறது ரெண்டாவது வாசிப்புல. எழுதப்போற தம்பிக்கு ஒரு சேர்க்கை: நம்ம மலைச்சரிவுல பெரிய குதிரைப்படை ஓடாது. சமவெளி நாட்டுக் குதிரைப்படை மலைநாட்டுக்குள்ள வரும்போது அதோட வலு முழுக்கப் போயிடும், அதை வச்சே ஒரு போரைக் கட்டலாம். சுமைக்குப் பொதிமாடு, பெரிய மரம் இழுக்க யானை. மாடு குதிரையை விட மெதுவா போகும், ஆனா வழிப்புல்லைத் தின்னே காலம் தள்ளும். அதனால தானியப் பாரம் குறையும். தூரக் கணக்கை அதுக்கேத்த மாதிரி திருத்துங்க.

கொட்டகலை வாசகி

இவ்வளவும் போதும், இனி வேலையைத் தொடங்குறோம். முதல் கூட்டத்துக்கு 150 பக்கம். வரைபடத்தைப் பெருசாப் பிரதி எடுத்துச் சுவர்ல ஒட்டப்போறோம். தேதியும் நிலாவும் ரெண்டு பிள்ளைங்க பொறுப்பு, திணை எழுதுறது ஆசிரியர்கள் பொறுப்பு, காசு, சாப்பாடு, விலை பத்தின வரிகளைப் பொறுக்குறது மத்தவங்க. ஒரே ஒரு கேள்வி: ரெண்டாம் பாகம் எங்க கைக்கு வர மாசக்கணக்காகும். அதுவரைக்கும் மறந்து போகாம இருக்க என்ன செய்யலாம்?

மஸ்கெலியா மழை

கடைசிக் கூட்டம் முடிஞ்ச அன்னைக்கே, அடுத்த நாள்னு தள்ளாம, கொப்பியில மூணு பக்கம் ஒதுக்குங்க, அக்கா. முதல் பக்கத்துல உயிரோட இருக்கிறவங்க ஒவ்வொருத்தரும் இப்ப எந்த இடத்துல நிக்கிறாங்க. ரெண்டாவதுல யாருக்கு என்ன இரகசியம் தெரியும், யாருக்குத் தெரியாது. மூணாவதுல பதில் கிடைக்காத கேள்விகள், பக்க எண்ணோட. கதைச்சுருக்கம் எழுத வேணாம், அது இணையத்துலயே கிடைக்கும். யாருக்கு என்ன தெரியும்ங்கிறதுதான் எங்கயும் கிடைக்காது, முதல்ல மறந்துபோறதும் அதுதான். ரெண்டாம் பாகம் வந்ததும் இந்த மூணு பக்கத்தையும், முதல் பாகத்தோட கடைசி ரெண்டு அத்தியாயத்தையும் வாசிச்சுட்டு நேரா உள்ள போகலாம்.